வளைவுப் பாடு

எண்ணூர்ப் பக்கம் கரைமேட்டுக்குப்பத்தில் நான் ஐஸ் விற்கிறேன். பிறந்தது ராயபுரம், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்து. பெயர் செல்வநாதன். இங்கே வந்து கடை போட்டுப் பல வருஷம் ஆகியும் இவர்களுக்கு நான் வெறும் ராயபுரத்தான்தான். ஊர்க் கூட்டத்தில் போய் உட்காரலாம், எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுக்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் மனைவி ஐரீனைக் கேட்டால் சொல்வாள். வேம்பு வீட்டு விவகாரம் முழுவதையும் அப்படி வாயை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். இப்போது திறக்கிறேன்.

முதலில் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆற்றில் எவன் வேண்டுமானாலும் நினைத்த இடத்தில் கம்பு நட்டு வலை கட்டிவிட முடியாது. வலை கட்டுகிற இடத்துக்குப் பெயர் பாடு. இந்தக் குப்பத்துக்கு மூன்று பாடு உண்டு. பாலத்தை ஒட்டிப் பாலத்துப் பாடு, அதற்கு மேலே நடுப் பாடு, ஆறு திரும்புகிற இடத்தில் வளைவுப் பாடு. இந்தப் பாட்டுக்கு இந்தக் குடும்பங்கள் என்று தாத்தா காலத்திலேயே பிரித்தாயிற்று. அந்தக் குடும்பங்கள் ஒன்றன் பின் ஒன்றாக முறை வைத்து வலை கட்டும். முறையைத் தொடர்ந்து தவறவிட்டவனிடமிருந்து ஊர் பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்புறம் அவன் அடுத்தவன் படகில் கூலிக்கு ஏறலாம். தன் வலையை ஆற்றில் நனைக்க முடியாது.

வேம்புவுக்கு வளைவுப் பாடு. ஒரு காலத்தில் அங்கேதான் எறா என்று இங்கே சொல்கிற இறால் கொழுத்ததாகக் கிடைக்கும். நானே அந்தக் காலத்தில் ஐஸ் போதாமல் காசிமேட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். பிறகு மேலே எங்கோ அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து, மழைக்கு மழை சாம்பல் வந்து வளைவில் தங்க ஆரம்பித்தது. எந்தக் குழாய், யாருடையது என்பதில் ஊருக்குள் நாலு கட்சி உண்டு, அது வேறு வழக்கு. வளைவுப் பாட்டில் இருந்த மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கண்டெய்னர் யார்டு வேலைக்குப் போய்விட்டன. வேம்பு மட்டும் மிஞ்சினார். வலை கட்டினால் சேறுதான் ஏறியது. கடைசியில் அவரும் கட்டுவதை நிறுத்திவிட்டு, என்னைப் பாலத்துப் பாட்டு முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஊரிடம் கேட்டார்.

ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவரைச் சேர்த்தால் மற்ற எல்லாருக்கும் முறை தள்ளிப்போகும், யாருக்குத்தான் மனசு வரும்? ஊருக்குப் பெரியவர் மண்ணாங்கட்டி, வேம்புவின் பெரியப்பா மகன், நடுப் பாட்டுக்காரர். அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு படகில் வளைவுக்குப் போய்க் கழியை விட்டுப் பார்த்தார். கழி சரசரவென்று முழுசாக இறங்கிவிட்டது. ரெண்டு ஆள் ஆழம் தண்ணீரை வைத்துக்கொண்டு வேம்பு சோம்பேறித்தனம் பண்ணுகிறான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

விஷயம் என்னவென்றால், ஆற்றுச் சேற்றில் கழி ஒரு முழம் போய் நின்றுவிடும். சாம்பல் சேறு அப்படியில்லை, கூழ் மாதிரி. கழி எங்கும் தட்டாமல் இறங்கும். மேலே முழங்கால் தண்ணீர் நின்றால் கீழே இருப்பது தண்ணீரா சேறா என்று படகிலிருந்து யாருக்கும் தெரியாது. கடல் உள்வாங்குகிற வத்தத்தில் தண்ணீர் இறங்கினால் தெரியும், ஆனால் அப்போது படகு அங்கே போகாது. கரைப்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றால் கம்பெனி வேலி. வேம்பு இதையெல்லாம் எடுத்துச் சொன்னார். சோம்பேறி என்று பெயர் விழுந்தவன் பேச்சை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

அப்போதுதான் அவர் மகள் கார்குழலி, நான் மேலேயிருந்து எடுத்துக் காட்டுகிறேன் என்றாள்.

கார்குழலிக்குத் திருவொற்றியூரில் ஆன்றோ என்பவரின் ஸ்டூடியோவில் வேலை. கல்யாணம், சீமந்தம், கோயில் திருவிழா எதுவானாலும் அவள்தான் ஹெலிகேம் என்கிற பறக்கும் கேமராவை ஓட்டுவாள். ஆன்றோ பெரிய மிஷின் வாங்கிய பிறகு பழைய சின்னது சும்மா கிடந்தது. ஆரம்பத்தில் கத்துக்கொள்கிறவர்கள் வாங்குகிற சாதி. கையில் வைத்தால் ரெண்டு மாம்பழம் கனம்கூட இருக்காது. அதைக் கேட்டு வாங்கிவந்தாள். பெண் கெட்டிக்காரி. குப்பைமேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கல்யாண மண்டபத்தை ஊட்டி மாதிரி காட்டிவிடுவாள்.

விடியற்காலையில் எடுத்தாள். நானும் மணல்திட்டில் நின்று பார்த்தேன். துறைமுகப் பக்கம் போன் ஆப்பில் சிவப்பு காட்டுகிறது, அங்கே பறக்க அனுமதி இல்லை, ஆற்றின் இந்தப் பக்கத்துக்கு உண்டு என்று எனக்குக் காட்டினாள். வெயில் ஏறினால் எல்லாம் வெளுத்துப்போகும், அதனால் சூரியன் எழும்பும்போதே எடுத்துவிட வேண்டுமாம். உயரமாய்ப் போனால் நல்ல படம் வரும் என்று நினைப்பதும் தப்பாம். தண்ணீருக்கு ரொம்ப மேலே போகாமல், ஒரே விரலில் மெதுவாக, நிறுத்தாமல் முன்னே விட்டாள். கடைசியில் மட்டும் மெல்ல மேலே தூக்கினாள். பழகிய கைதான். எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லையம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம். டிவி என் வீட்டிலிருந்து போனது, அதனால் எனக்கு முன்வரிசை. படம் ஓடியது. என்ன சொல்வேன், ஆறு தங்கம் உருக்கி ஊற்றின மாதிரி ஓடியது. வளைவில் தண்ணீர் நீலமாகத் தளும்பியது. பின்னால் வீணை வேறு வாசித்தது. பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். கைதட்டல் வந்தது. கார்குழலி சிரித்துக்கொண்டே திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வேம்புவின் முகம் செத்துப்போயிருந்தது.

மண்ணாங்கட்டி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"நல்லா பாத்துக்கங்கப்பா. அவன் பொண்ணே எட்த்துக் காட்டிக்கீது. எம்மாந் தண்ணி கீது பாரு. இத்த வச்சிகினுதான் இவரு சேறு சேறுன்னு ஊர டபாய்ச்சிகினு கீறாரு."

அமாவாசை கழிந்து வருகிற கூட்டம்வரை தவணை. அதற்குள் வேம்பு வளைவில் வலை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாடு ஊருக்கு. அப்படி முடித்துவிட்டு எழுந்துபோனார்கள். நானும் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் டிவியில் போட்டதால்தான் இப்படி ஆயிற்று என்பது போல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று மத்தியானம் ஐஸ் பெட்டியைக் கொடுக்கிற சாக்கில் வேம்பு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பூமாரி எறா தொக்கு செய்திருந்தாள். சொந்த ஆற்று எறா இல்லை. விடிவதற்கு முன் பஸ் பிடித்துக் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் எடுத்து, எண்ணூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்று, விற்காமல் நின்றதைக் குழம்பு வைப்பது அவள் இப்போதைய பிழைப்பு. ஆற்றோரம் குடியிருந்துகொண்டு எறாவைக் காசு கொடுத்து வாங்குகிறேனே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அன்று அதையும் சொல்லவில்லை.

வேம்பு தட்டைத் தொடவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் நல்லாத்தான நைனா எட்த்தேன்," என்றாள் கார்குழலி. அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"நல்லாத்தான் எட்த்த," என்றாள் பூமாரி. "அதான் பேஜாராப் பூட்ச்சி. கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் பூசுற மாறி ஆத்துக்குப் பூசிகீற."

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் பெண் வேலை முடிந்து வந்ததும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்ததை எடுத்தபடி, கலர் ஏற்றாமல் திரும்பத் திரும்ப ஓட்டினாள். எது எது தப்பு என்று என்னிடம் புலம்பினாள். எனக்கு ஐஸ் உடைக்கத்தான் தெரியும், ஆனாலும் கேட்டேன். விடியற்கால வெயில் படுக்கையாக வந்து தண்ணீர் முழுவதையும் கண்ணாடி ஆக்கிவிட்டது. கேமரா தானாகவே கலரைச் சரி பண்ணுகிறேன் என்று சாம்பலை நீலமாக்கியது. பத்தாக்குறைக்கு இவள் வேறு நீலத்தைக் கூட்டினாள். எல்லாவற்றுக்கும் மேல், வெளிச்சத்தைப் பார்த்தாளே ஒழிய தண்ணீரைப் பார்க்கவில்லை. அந்த நேரம் நல்ல ஏத்தம், கடல் தண்ணீர் ஏறி வளைவு நிறைந்திருந்தது.

"மீனவ வூட்டுப் பொண்ணு நானு, ஏத்தமா வத்தமான்னு பாக்காத எட்த்துகீறேன். வெக்கமாக் கீது," என்றாள்.

ஒரு ஸ்டூடியோவில் கத்துக்கொண்டது எப்படி ஒரு ஆளை இழுக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அவளுக்கு எதிரே எது வந்தாலும் அழகாக்கித்தான் பழக்கம். கண்ணுக்கு அசிங்கமாக ஒன்றை எடுக்க வேண்டும் என்றால் கையே வரவில்லை.

அமாவாசை அன்று ஆறு நன்றாக வத்தும். ஆனால் வத்துவது மத்தியானத்துக்கு மேல். அந்த நேரம் கடல்காற்று அடிக்கும். இந்தச் சின்ன மிஷினைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்றாள் மகள். காற்று நிற்கிற வரைக்கும் வத்தம் உனக்காகக் காத்திருக்குமா என்றார் அப்பா. ரெண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து ஒரு பொழுது முழுக்க வாதாடினார்கள். பேசாமல் இருந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டது பூமாரிக்கே நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், உள்ளேயிருந்து டீ வந்தது. முடிவில், கரையிலிருந்து வேண்டாம், படகிலேயே வளைவை ஒட்டிப் போய் அங்கிருந்து விடலாம், தூரம் குறைந்தால் காற்றைச் சமாளிக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். நானும் வருகிறேன் என்றேன். கனமான ஆள் என்று என்னைப் படகின் நடுவில் அசையாமல் உட்காரச் சொன்னார்கள்.

போனபோது வளைவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. வானத்தில் மேகம் போட்டிருந்தது. கல்யாணக்காரர்கள் முகம் சுளிக்கிற வானம், ஆனால் தண்ணீரில் மினுமினுப்பு இல்லை. அதுதான் வேண்டும் என்றாள். கலரையும் வெளிச்சத்தையும் தானாக மாறாதபடி பூட்டினாள். வேம்பு மிஷினை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தார். அது கொசுக்கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு கிளம்பியது. போகும்போது காற்றுக்கு எதிராக, வரும்போது காற்றோடு. திரும்பி வருகிற நேரம் பாட்டரி கம்மியாக இருக்கும், அப்போது காற்று தள்ளிக் கொடுக்க வேண்டும் என்று கணக்கு. கேமராவை நேராகக் கீழே திருப்பிவிட்டாள். வளைவிலிருந்து நடுப் பாடு தாண்டும்வரை ஒரு நேர்கோடாகப் போய், கொஞ்சம் தள்ளித் திரும்பி, மறுபடி நேர்கோடு. அவசரமே இல்லை. ஒரு பருந்து வந்து வட்டமிட்டது. மிஷினைச் சட்டென்று நேர் மேலே ஏற்றினாள். பருந்து அலுத்துப்போய் விலகியது.

இதற்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. படகு தட்டிவிடும் என்று வேம்பு கழியை ஊன்றிப் பின்னால் ஆழமான பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். அவர் செய்தது சரிதான். ஆனால் மிஷினுக்கு அது தெரியாது. பாட்டரி குறைந்ததும் அது கிளம்பின இடத்துக்குத் தானாகத் திரும்பிவிடும். கிளம்பின இடத்தில் இப்போது படகு இல்லை. அந்த இடத்தை மாற்றிவைக்க வேண்டிய தேவை கல்யாண மண்டபத்தில் எப்போதும் வந்ததில்லை, மண்டபம் நகராது. கார்குழலி மறந்துவிட்டாள்.

மிஷின் கூவிக்கொண்டு வந்தது. எங்களுக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில், வெறும் சாம்பல் பரப்புக்கு மேலே நின்று கீழே இறங்க ஆரம்பித்தது. பெண் பதறிப்போய் எதையெதையோ அழுத்தினாள். காற்று வேறு அதை ஆட்டியது.

சேறு சேறு என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷனே சேற்றில் குதித்தார்.

பார்க்க மண்தரை மாதிரிதான் இருந்தது. நாலு எட்டு எட்டி வைத்தார், அவ்வளவுதான். இடுப்புவரை போனார், பிறகு மார்புவரை. கையை மட்டும் மேலே நீட்டியிருந்தார். மிஷின் நேராக அந்தக் கையில் வந்து இறங்கியது. விசிறி விரலைக் கிழித்தது. விடவில்லை. என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. மாதாவே மாதாவே என்று கத்தினேன் என்று கார்குழலி பிறகு சொன்னாள், எனக்கு நினைவில்லை. அவள்தான் கழியை எடுத்து அவருக்குப் பக்கத்தில் ஊன்றப் பார்த்தாள். கழி எங்கும் தட்டாமல் இறங்கிக்கொண்டே போனது. அப்புறம் கழியைப் படுக்கையாகப் போட்டுப் படகையும் உள்ளே தள்ளி, நான் ஒரு கையும் அவள் ஒரு கையுமாக இழுத்தோம். என் கனம் அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு உதவியது. கழுத்துவரை சாம்பல் நிறத்தில் படகில் வந்து விழுந்தார்.

"உசுர வுட மிஷினா நைனா முக்கியம்?" என்று அவர் மேல் விழுந்து அழுதாள்.

"ஆன்றோ சார் பொருளும்மா. உன் வேல பூடும்," என்றார். அதற்குள் இருமல் வந்துவிட்டது.

வீட்டில் பூமாரி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் திட்டினாள். சாம்பல் காதுக்குள்ளிருந்தெல்லாம் வந்தது. திட்டிக்கொண்டே அழுதாள்.

அடுத்த கூட்டத்துக்கும் டிவி என் வீட்டிலிருந்துதான் போனது. இந்தத் தடவை வீணை இல்லை, கலரும் ஏற்றவில்லை. மேலேயிருந்து நேர் கீழாக ஆறு தெரிந்தது. யாரும் கைதட்டவில்லை. நடுவில் பச்சையாக ஒடுங்கின ஒரு கால்வாய், அதற்கு இந்தப் பக்கம் வளைவு முழுக்க வெள்ளைச் சாம்பல். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற படம். இருந்தாலும் சிலர், மேலே கொஞ்சம் படிந்திருக்கும், கீழே ஆழம் இருக்கும், கழி இறங்கினதே என்று முணுமுணுத்தார்கள்.

அந்த இடத்தோடு நிறுத்தத்தான் கார்குழலி நினைத்திருந்தாள். இதற்கு மேல் காட்ட வேண்டாம் என்று வேம்புவே சொல்லியிருந்தார், ஊர் முன்னால் அவருக்கு அசிங்கமாக இருந்தது. அவள் அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நிறுத்தாமல் ஓடவிட்டாள். மிஷின் கீழே இறங்க இறங்க, அண்ணாந்து பார்த்த வேம்புவின் முகம் பெரிசாகிக்கொண்டே வந்தது. மார்பு புதைந்தது. பக்கத்தில் ஒரு கழி வந்து, தட்டாமல், சரசரவென்று முழுசாக இறங்கியது. பின்னால் போனில் பதிவான என் குரல் மாதாவைக் கூப்பிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மிஷின் படகுக்குள் மல்லாந்து விழ, படம் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

பாலத்துப் பாட்டுக்காரர்களில் மூத்தவர் ஜார்ஜ். அவர்தான் முதலில் பேசினார். வேம்புவைத் தங்கள் முறையில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். வளைவுப் பாட்டை மூடியாயிற்று என்றும் சொன்னார்கள். பூமாரி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான் என்று நான் டிவி வயரைப் பிடுங்கப் போனேன்.

"இரு ராயபுரத்தான்," என்றார் மண்ணாங்கட்டி. "பாப்பா, இப்ப மொதல்ல மேலேந்து காட்னியே, அத்த ரவ ஓட்டு."

கார்குழலி பின்னால் ஓட்டினாள். பச்சைக் கால்வாய் வந்தது. வளைவு வந்தது, சாம்பல் வந்தது. நிறுத்து என்றார். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தார். சாம்பலின் ஒரு நாக்கு வளைவைத் தாண்டிக் கீழே நீண்டிருந்தது. அதன் நுனியில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"இது இன்னாது?"

"கம்பு, பெரிநைனா. நடுப் பாட்டுக் கம்பு."

"என்னுதா?"

"ஆமா."

அவர் விரலை எடுக்கவில்லை. எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. வேம்புவைச் சோம்பேறி என்று சொன்ன அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு அன்றுவரை இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"வேம்ப ஒரு எடத்துல சேத்துட்டீங்க," என்றார் திரும்பாமலே. "நடுப் பாடு மூடிகினா எங்களை எங்க சேப்பீங்க?"

பாலத்துப் பாட்டில் இனி ஒரு குடும்பத்துக்குக்கூட இடம் கிடையாது, எல்லாருக்கும் தெரியும். ஜார்ஜ் தரையைப் பார்த்தார். எனக்கு வாய் திறக்க அனுமதி கிடைத்திருந்தாலும் அன்று சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

வேம்பு எழுந்தார். விரலில் கட்டு இருந்தது.

"பாலத்துல என் மொற வர்றப்ப நீயும் வா அண்ணாத்த. ரெண்டு பேருமா சேந்து கட்டிக்கலாம். வர்றத பிரிச்சிக்கலாம்."

மண்ணாங்கட்டி டிவியிலிருந்து விரலை எடுத்தார். துண்டால் மூக்கைச் சிந்தினார். பிறகு திரும்பி, வழக்கமாகத் திட்டுகிற குரலில், ஆனால் பாதிச் சத்தத்தில் சொன்னார்.

"உன் வல முச்சூடும் ஓட்டைடா, பேமானி. என் வலய எட்த்துகினு வரேன்."